பரிந்துரைக்கும் குரல்

நுழையும்முன்

சட்டங்கள் மனிதர்களால், மனிதர்களுக்காக இயற்றப்படுகின்றன. அச்சட்டங்களுக்குள் விலங்குகளும் இடம்பெற்றது எவ்வாறு? வாக்குரிமையற்ற உயிர்களின் பொருட்டுச் சட்டம் இயற்றுவோரிடம் சென்று பேசியவர்கள் யாவர்? அவர்கள் கையாண்ட வழிமுறைகள் எவை? அவ்வழிமுறைகளின் வலிமையையும் வரம்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மணியை அசைப்பவர் யார்?

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்து நீதி கேட்டது என்பது நாம் அறிந்த மனுநீதிச் சோழன் வரலாறு. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் கூற்றாக இடம்பெறும் இந்நிகழ்ச்சியைப் பெரியபுராணம் திருவாரூரில் நிகழ்ந்ததாக விரித்துரைக்கிறது. அரண்மனை வாயிலில் பசுவுக்கும் எட்டும்படியாக ஒரு மணி தொங்கியது என்பதே அவ்வரலாற்றின் சிறப்பு.

மக்களாட்சியில் சட்டம் பிறக்கும் இடம் நாடாளுமன்றமும் சட்டமன்றமும் ஆகும். அங்கே உறுப்பினர்களை அனுப்பும் உரிமை வாக்காளர்க்கே உண்டு. வண்டி இழுக்கும் எருதுக்கும், கூண்டில் அடைபட்ட கரடிக்கும், ஆய்வகத்தில் வளரும் முயலுக்கும் வாக்கு இல்லை. தம் துன்பத்தை மனுவாக எழுதித் தரவும் அவற்றால் இயலாது. எனவே, அவற்றின் பொருட்டு மணியை அசைக்க மனிதர் சிலர் முன்வர வேண்டியுள்ளது. அவ்வாறு முன்வந்தோர் அமைத்தவையே விலங்கு நலச் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் ஆகும். காயமுற்ற விலங்குகளுக்கு மருத்துவம் செய்வதும் உணவளிப்பதும் அவற்றின் பணிகளுள் ஒரு பகுதியே. கொடுமையின் காரணத்தைக் களையச் சட்டத்தையே மாற்றுவது மற்றொரு பகுதி.

சட்டம் இயற்றுவோரை அணுகி, ஒரு கோரிக்கையின் தேவையை எடுத்துக் கூறி, அதனை ஏற்குமாறு வலியுறுத்தும் இப்பணியைக் குறிக்கத் தமிழில் 'பரிந்துரைத்தல்' என்னும் பொருத்தமான சொல் உள்ளது. இன்று அலுவலகக் கடிதங்களில் நாள்தோறும் புழங்கும் இச்சொல்லைப் பிரித்தால் 'பரிந்து உரைத்தல்' எனப் பொருள்படும். பரிவு மட்டும் இருந்து உரை இல்லையெனில் துன்பம் அவைக்கு எட்டாது. உரை மட்டும் இருந்து பரிவு இல்லையெனில் அது வெறும் சொல்லாடலாகிவிடும். இரண்டும் சேர்ந்தபோதே சட்டங்கள் பிறந்துள்ளன.

ஒரு சொல்லின் எடை

விலங்குகளின் பொருட்டு நாடாளுமன்றத்தில் முறையாக வாதிடும் வழக்கம் இங்கிலாந்தில் வலுப்பெற்றது. காளையைக் கட்டிவைத்து அதன்மீது நாய்களை ஏவிவிடும் கொடிய விளையாட்டு அக்காலத்தில் அந்நாட்டில் பரவியிருந்தது. அதனைத் தடுக்க 1800ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட சட்ட முன்வடிவு தோல்வியுற்றது. 1809ஆம் ஆண்டில் எர்ஸ்கின் பிரபு கொண்டுவந்த முன்வடிவு பிரபுக்கள் அவையில் நிறைவேறியும் மக்களவையில் வீழ்ந்தது. உறுப்பினர்கள் பலர் இதனை நகைப்புக்குரிய பொருளாகவே கருதினர். அயர்லாந்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்டு மார்ட்டின் மனம் தளராது முயன்று, 1822ஆம் ஆண்டில் கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றச் செய்தார்.

சட்டம் வந்துவிட்டது, அதனைச் செயற்படுத்துவோர் இல்லை. 1824ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு காப்பிக் கடையில் மார்ட்டினும், ஆர்தர் புரூம் என்னும் பாதிரியாரும், அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்சும், வேறு சிலரும் கூடி விலங்குவதைத் தடுப்புச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். சந்தைகளையும் தெருக்களையும் கண்காணித்துக் குற்றம் செய்தோரை நீதிமன்றத்தில் நிறுத்துவது அதன் முதற்பணி. சங்கம் பட்ட கடனுக்காகப் புரூம் சிறை செல்லவும் நேர்ந்தது. 1840ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியார் அச்சங்கத்திற்கு 'அரச' என்னும் அடைமொழியை வழங்கினார்.

1822ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம் கவனத்திற்குரிய குறை ஒன்று இருந்தது. குதிரை, கழுதை, பசு, எருது, செம்மறியாடு முதலியவை பட்டியலில் இருந்தன. 'காளை' என்னும் சொல் இல்லை. எனவே, அச்சட்டம் காளைகளுக்குப் பொருந்தாது என நீதிமன்றங்கள் கருதின. எந்தக் கொடுமையைத் தடுக்க 1800ஆம் ஆண்டில் முயற்சி தொடங்கியதோ, அது 1835ஆம் ஆண்டில் புதிய சட்டம் வரும் வரை தொடர்ந்தது. ஒரு சொல் விடுபட்டமையால் பதின்மூன்று ஆண்டுகள் காளைகள் துன்புற்றன. பரிந்துரைப்போர்க்குச் சொற்களில் தேர்ச்சி வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

மாநிலங்களவையில் ஒரு பெண்

இந்தியாவில் 1861ஆம் ஆண்டில் கல்கத்தாவில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. ஆங்கில அரசு 1890ஆம் ஆண்டில் நாடு தழுவிய சட்டம் ஒன்றை இயற்றியது. எனினும் அது நகராட்சி எல்லைக்குட்பட்ட பகுதிகளுக்கே உரியதாகவும், வீட்டு விலங்குகளையும் பிடிக்கப்பட்ட விலங்குகளையும் மட்டுமே குறிப்பதாகவும் இருந்தது. கொடுமைகளுள் சிலவற்றையே அது குற்றமாகக் கொண்டது.

விடுதலை பெற்ற இந்தியாவில் இக்குறையைப் போக்க எழுந்த குரல் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. மதுரையில் பிறந்தவரும், கலாசேத்திராவை நிறுவிப் பரதக்கலைக்குப் பெரும்பணி ஆற்றியவருமான ருக்மிணி தேவி அருண்டேல் 1952ஆம் ஆண்டில் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். அமைச்சர் அல்லாத உறுப்பினர் ஒருவர் தாமே கொண்டுவரும் சட்ட வரைவு 'தனிநபர் சட்ட முன்வடிவு' எனப்படும். 1953ஆம் ஆண்டில் அவர் விலங்குவதைத் தடுப்புக்கான தனிநபர் சட்ட முன்வடிவை அவையில் முன்வைத்தார்.

அதன் நோக்கத்தைப் பிரதமர் நேரு ஏற்றுக்கொண்டார். அரசே குழு அமைத்து ஆராய்ந்து விரிவான சட்டம் கொண்டுவரும் என்று உறுதியளித்து, முன்வடிவைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொண்டார். ருக்மிணி தேவி இசைந்தார். தம் பெயரால் ஒரு சட்டம் நிற்பதைவிட, அரசின் வலிமையோடு ஒரு சட்டம் நிற்பது விலங்குகளுக்கு நன்மை தரும் என்பதே அவ்விசைவின் பயன். அரசு அமைத்த குழுவின் பரிந்துரையை அடிப்படையாகக் கொண்டு 1960ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது.

இச்சட்டம் இந்திய விலங்கு நல வாரியத்திற்கு வழிவகுத்தது. 1962ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற அவ்வாரியத்தின் முதல் தலைவராக ருக்மிணி தேவி பொறுப்பேற்றார். நெடுங்காலம் அது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. மக்களவையிலிருந்து நால்வரும் மாநிலங்களவையிலிருந்து இருவரும் வாரியத்தின் உறுப்பினராதல் வேண்டும். விலங்கு நல அமைப்புகளின் சார்பாளர்களும் இடம்பெறுதல் வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. சட்டத்தில் செய்யவேண்டிய திருத்தங்களை நடுவண் அரசுக்கு எடுத்துரைப்பது வாரியத்தின் கடமைகளுள் ஒன்று. வெளியே நின்று கதவைத் தட்டியோர்க்கு அரசின் அமைப்புக்குள்ளேயே இருக்கை தரப்பட்டது எனலாம்.

பரிவு விதியாகும் வழி

விலங்கு நல அமைப்புகள் சட்டம் இயற்றுவோரை அணுகும் முறையில் சில படிநிலைகள் உள்ளன.

முதலாவது, சான்று திரட்டுதல். 'எருதுகள் துன்புறுகின்றன' என்பது உணர்ச்சி. எத்தனை எடை ஏற்றப்படுகிறது, எத்தனை மணிநேரம் ஓய்வின்றி நடத்தப்படுகின்றன, கழுத்தில் ஏற்படும் புண்ணைக் குறித்துக் கால்நடை மருத்துவர் கூறுவது யாது என்பவை சான்றுகள். உறுப்பினர் அவையில் எழுந்து பேசும்போது துணைநிற்பவை இவையே.

இரண்டாவது, வரைவு எழுதுதல். கோரிக்கையைச் சட்டத்தின் மொழியில் அமைத்துத் தருதல் வேண்டும். பாரம் சுமக்கும் விலங்குகளுக்காக 1965ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். நாளொன்றுக்கு ஒன்பது மணிநேரத்திற்கு மேல் விலங்கை வேலை வாங்கக்கூடாது. ஐந்து மணிநேரத்திற்கு மேல் இடைவெளியின்றி ஓட்டக்கூடாது. வெப்பம் 37 பாகை செல்சியசுக்கு மேற்படும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை பயன்படுத்தக்கூடாது என அவ்விதிகள் கூறுகின்றன. 'வெயிலில் வாட்டாதே' என்னும் இரக்கம் இங்கே எண்ணாக மாறியுள்ளது. எண்ணாக மாறியதனாலேயே காவலர் அதனைச் செயற்படுத்தவும் நீதிபதி அதனை அளந்து தீர்ப்பளிக்கவும் இயல்கிறது.

மூன்றாவது, உறுப்பினர்களை அணுகுதல். விலங்கு நலம் எந்த ஒரு கட்சிக்கும் உரியதன்று. ஆதலால், ஆளுங்கட்சியினர், எதிர்க்கட்சியினர் என்னும் வேறுபாடின்றி அனைவரிடமும் செல்லுதல் வேண்டும். கேள்வி நேரத்தில் வினா எழுப்புமாறு வேண்டுதல், தனிநபர் சட்ட முன்வடிவு கொண்டுவரச் செய்தல், நாடாளுமன்றக் குழுக்களுக்கு மனு அளித்தல் ஆகியன முறையான வழிகள். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடுவண் அரசு விதி வகுக்கும்போது, அதன் வரைவை முன்னரே வெளியிட்டாக வேண்டும். அப்போது கருத்துரை அனுப்பும் வாய்ப்பு தொண்டு நிறுவனங்களுக்கு மட்டுமன்றி, பொதுமக்கள் அனைவர்க்கும் உண்டு.

நான்காவது, மாற்றுவழி காட்டுதல். ஒப்பனைப் பொருள்களை விலங்குகளின் கண்ணிலும் தோலிலும் இட்டுச் சோதிக்கும் முறையை எதிர்த்த அமைப்புகள், 'நிறுத்துக' என்பதோடு அமையவில்லை. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களையும் செயற்கைத் தோல் மாதிரிகளையும் கொண்டு சோதிக்க முடியும் என்பதை எடுத்துக்காட்டின. 2014ஆம் ஆண்டில் இந்தியா அத்தகைய சோதனைகளைத் தடை செய்ததுடன், விலங்குகள்மீது சோதிக்கப்பட்ட ஒப்பனைப் பொருள்களின் இறக்குமதிக்கும் தடை விதித்தது.

ஐந்தாவது, நீதிமன்றத்தில் சட்டத்தைக் காத்தல். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டுவதை 1998ஆம் ஆண்டில் நடுவண் அரசு ஓர் அறிவிக்கையின் வாயிலாகத் தடுத்தது. சர்க்கஸ் நடத்துவோர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். கேரள உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலும், உச்சநீதிமன்றம் 2001ஆம் ஆண்டிலும் அவ்வறிவிக்கையை நிலைநிறுத்தின. சர்க்கஸ் கூடாரங்களிலிருந்து புலியும் சிங்கமும் மறைந்தமைக்கு இதுவே காரணம்.

> தெரிந்து தெளிவோம்
>
> *விலங்கு நலமும் விலங்கு உரிமையும்:* மனிதர் விலங்குகளைப் பயன்படுத்தலாம். ஆனால், தேவையற்ற துன்பம் தரலாகாது என்பது விலங்கு நலக் கோட்பாடு. மனிதரின் பயன்பாட்டிற்காக விலங்குகள் இல்லை. அவற்றின் வாழ்வு அவற்றிற்கே உரியது என்பது விலங்கு உரிமைக் கோட்பாடு. இந்தியச் சட்டங்கள் பெரும்பாலும் முதற்கோட்பாட்டையே தழுவியுள்ளன.
>
> *ஐந்து விடுதலைகள்:* பசி, தாகத்திலிருந்து விடுதலை, வசதியின்மையிலிருந்து விடுதலை, வலி, காயம், நோயிலிருந்து விடுதலை, அச்சம், மனத்துயரிலிருந்து விடுதலை, இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் விடுதலை.
>
> *அரசமைப்பு:* உயிர்களிடத்து இரக்கம் காட்டுதல் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என 51அ (எ) உறுப்பு கூறுகிறது. இது 1976ஆம் ஆண்டில் 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டது.

மாற்றுக் குரல்களும் அவைக்கு உரியவை

பரிந்துரைப்போர் கூறுவது அனைத்தையும் அவை அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. விலங்குகளோடு வாழ்ந்து, அவற்றால் பிழைப்போர்க்கும் குரல் உண்டு. இதற்கு இங்கிலாந்தின் வரலாறே ஓர் எச்சரிக்கை. அங்கே எளிய மக்களின் பொழுதுபோக்குகளான காளைவதையும் சேவற்சண்டையும் 1835ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டன. செல்வர்கள் குதிரையேறி நாய்களுடன் சென்று நரியை வேட்டையாடுவது 2004ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை தடுக்கப்படவில்லை. வண்டிக்காரரின் சாட்டை விரைவில் சட்டத்தின் கண்ணிற்பட்டது. வேட்டைக்காரரின் நாய்கள் கண்ணிற்பட ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆயின. விலங்கிடம் காட்டும் இரக்கம் மனிதர்க்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் காணத் தவறினால், சட்டத்தின் சுமை எளியோர்மீதே விழும்.

நம் மாநிலத்தில் ஏறுதழுவுதல் குறித்து எழுந்த வழக்கும் இத்தகைய சிந்தனையைத் தூண்டுவதாகும். 2011ஆம் ஆண்டில் நடுவண் அரசு, வேடிக்கை காட்டப் பயன்படுத்தக்கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையையும் சேர்த்தது. 1822ஆம் ஆண்டில் ஒரு நாட்டின் சட்டத்தில் விடுபட்ட அதே சொல் இங்கே சேர்க்கப்பட்டபோது பெரும் விளைவை உண்டாக்கியது. விலங்கு நல வாரியம் தொடுத்த வழக்கில் 2014ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் ஏறுதழுவுதலைத் தடை செய்தது. காளைகள் அடையும் அச்சத்தையும் வலியையும் குறித்த அறிக்கைகள் அவ்வழக்கில் சான்றுகளாக அமைந்தன.

மறுபுறம், காளை வளர்ப்போர் இவ்விளையாட்டைத் தம் பண்பாடாகவும், நாட்டு மாட்டினங்கள் அழியாமல் காக்கும் வழியாகவும் எடுத்துரைத்தனர். 2017ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னை மெரினாவிலும் மாநிலத்தின் பிற ஊர்களிலும் மாணவர்களும் இளைஞர்களும் திரண்டனர். விலங்குவதைத் தடுப்பு என்பது அரசமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். எனவே, தமிழ்நாடு சட்டமன்றம் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாநில அளவிலான திருத்தம் செய்தது. குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் அளித்தார். 2023ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நிகழ்வை நடத்துவோர் பின்பற்றவேண்டிய விதிகளும் நடைமுறைக்கு வந்தன. காளையின் துன்பத்தைச் சுட்டியோரும் பண்பாட்டைச் சுட்டியோரும் சட்டத்தின் வாயிலையே நாடினர் என்பது நாம் கருதத்தக்கது. ஒரு தரப்பின் சான்று மறுதரப்பை ஒழுங்குபடுத்தியது. மறுதரப்பின் வாழ்வு முதல் தரப்பைச் சிந்திக்க வைத்தது.

பரிந்துரைக்கும் எல்லைக்கோடு எது என்பதையும் அறிதல் வேண்டும். சான்று காட்டி இணங்கச் செய்வது பரிந்துரை. பொருள் கொடுத்து இணங்கச் செய்வது கையூட்டு. ஒரு விலங்கின் துன்பத்தை மிகைப்படுத்திக் காட்டும் படம், அதன் உண்மைத் துன்பத்தையும் நம்ப இயலாததாக்கிவிடும். பேசும் மனிதன் பொய்யுரைத்தால் எதிர்த்து வழக்காடலாம். பேசாத உயிரின் பெயரால் பொய்யுரைத்தால் அதனை மறுக்க அவ்வுயிரால் இயலாது. ஆகவே, பிறர்க்காகப் பேசுவோரினும் விலங்குகளுக்காகப் பேசுவோர்க்கு வாய்மை மிகுதியாக வேண்டும்.

ஐம்பது ரூபாய்

1890ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றவேண்டியதற்கு அரசு கூறிய காரணங்களுள் ஒன்று, அதன் தண்டனைகள் போதுமானவையல்ல என்பதாகும். அதனை நிறைவு செய்ய வந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம், கொடுமைக் குற்றத்தை முதன்முறை செய்வோர்க்கு ஐம்பது ரூபாய்க்கு மிகாமல் தண்டம் விதித்தது. மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் தண்டம் நூறு ரூபாய் வரை, அல்லது மூன்று திங்கள் வரை சிறை, அல்லது இரண்டும். 1960ஆம் ஆண்டில் ஐம்பது ரூபாய் என்பது உழைப்பாளி ஒருவர்க்குப் பெருந்தொகை. அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் சட்ட நூலில் அதே தொகை நீடித்தது. விலைவாசி உயர்ந்தது, விலங்கின் வலிக்குச் சட்டம் இட்ட விலை உயரவில்லை.

தண்டனையை உயர்த்தக் கோரி விலங்கு நல அமைப்புகள் பல்லாண்டுகளாக மனுக்கள் அளித்தன, உறுப்பினர்களைச் சந்தித்தன, கையெழுத்து இயக்கங்கள் நடத்தின. 2022ஆம் ஆண்டில் நடுவண் அரசு திருத்தச் சட்ட வரைவு ஒன்றை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. வரைவு சட்டமாவதற்கு இடையே கடக்கவேண்டிய படிகள் பல. ஒரு சட்டம் இயற்றப்பட்டதும் பணி முடிந்தது எனக் கருதுவோர் வீட்டிற்குச் சென்றுவிட்டால், காலம் அச்சட்டத்தை மெல்ல மெல்லத் தேய்த்துவிடும். ஐம்பது ரூபாய் நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.

பதினெட்டு வயது நிரம்பியதும் இப்பாடத்தைப் படிக்கும் நீங்கள் வாக்காளர் ஆவீர்கள். உங்கள் தொகுதி உறுப்பினர்க்குக் கடிதம் எழுதும் உரிமை, வெளியிடப்படும் வரைவுகளுக்குக் கருத்துரைக்கும் உரிமை ஆகியன உங்களுக்கு உண்டு. விலங்கின் பொருட்டு மட்டுமன்று. பேச வாய்ப்பற்ற குழந்தையின் பொருட்டும், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டோர் பொருட்டும், இனிப் பிறக்கவிருக்கும் தலைமுறைக்கு வேண்டிய நீர்நிலையின் பொருட்டும் இவ்வுரிமையைப் பயன்படுத்தலாம். சான்றைத் தேடுங்கள், சொல்லைத் தேர்ந்தெடுங்கள், மாற்றுக் கருத்துடையோர் கூறுவதைக் கேளுங்கள், அதன்பின் பரிந்து உரையுங்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ச் சந்தையிலோ தெருவிலோ விலங்குகள் நடத்தப்படும் முறையை ஒரு வாரம் உற்றுநோக்கிக் குறிப்பெடுக்க. அக்குறிப்புகளை உணர்ச்சி, சான்று என இரண்டாகப் பகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.

2. கால்நடைகளுக்குக் குடிநீர்த் தொட்டி அமைக்க வேண்டி உங்கள் சட்டமன்றத் தொகுதி உறுப்பினர்க்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.

இலக்கணக் குறிப்பு

பரிந்து உரைத்தல் – வினையெச்சத் தொடர்

பேசாத உயிர் – எதிர்மறைப் பெயரெச்சத் தொடர்

பகுபத உறுப்பிலக்கணம்

பரிந்து = பரி + த் (ந்) + த் + உ

பரி – பகுதி. த் – சந்தி. த், ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. உ – வினையெச்ச விகுதி.

மதிப்பீடு

குறுவினா

1. தனிநபர் சட்ட முன்வடிவு என்றால் என்ன?

2. விலங்கு நலம், விலங்கு உரிமை – வேறுபடுத்துக.

சிறுவினா

1. 'இரக்கம் எண்ணாக மாறியுள்ளது' – பாடத்தின்வழி விளக்குக.

2. 'காளை' என்னும் சொல் இரு நாட்டுச் சட்டங்களில் ஏற்படுத்திய விளைவுகளை ஒப்பிடுக.

நெடுவினா

1. விலங்கு நல அமைப்புகள் சட்டம் இயற்றுவோரை அணுகும் படிநிலைகளைச் சான்றுகளுடன் தொகுத்து எழுதுக.

2. பேசாத உயிர்களுக்காகப் பேசுவோர் பிழைப்புக்காக அவ்வுயிர்களைச் சார்ந்திருப்போரின் குரலையும் கேட்க வேண்டும் – இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ கட்டுரை வரைக.